சென்னைக்கு லோக்கல் ரயில் விட்ட திருச்சி... தனக்கு ஒன்று கேட்டுக் காத்திருக்கிறது!

சென்னை கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலை 1931-ல் முதன்முதலில் ஓடவிட்டது யார் தெரியுமா? தென்னிந்திய ரயில்வே கம்பெனி. அதன் தலைமையகம் இருந்த ஊர், திருச்சி!

சென்னைக்குப் புறநகர் ரயில் கொடுத்த கம்பெனி, தான் குடியிருந்த ஊருக்கு அப்படி ஒன்றைக் கொடுக்கவில்லை. இன்றும் திருச்சியில் 'லோக்கல் ரயில்' என்று தனியாக எதுவும் கிடையாது. ஆனால், லால்குடியிலிருந்தும் குளித்தலையிலிருந்தும் தினமும் ரயிலேறி வேலைக்கும் கல்லூரிக்கும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாசஞ்சர்தான் லோக்கல் ரயில்.

கடலிலிருந்து வந்த பாதை

திருச்சிக்கு ரயில் வந்தது சென்னையிலிருந்து அல்ல, நாகப்பட்டினத்திலிருந்து. 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' என்ற கம்பெனி, துறைமுகத்தையும் உள்நாட்டையும் இணைக்கப் போட்ட பாதை அது. தஞ்சாவூர் வழியாக 1862-ல் திருச்சியைத் தொட்டது. அடுத்த சில ஆண்டுகளில் காவிரியின் தென்கரையை ஒட்டியே கரூர், ஈரோடு வரை நீண்டது. 1870-களில் இந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் இணைந்து உருவானதுதான் தென்னிந்திய ரயில்வே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் போட்டது அகலப் பாதை. செலவு கருதி 1875-ல் அதை மீட்டர் கேஜாகச் சுருக்கினார்கள். நூறு வருடங்களுக்கும் மேல் கழித்து, 1990-களின் இறுதியில் திருச்சி – தஞ்சை பாதை மறுபடியும் அகலப் பாதையானது!

இன்று சென்னை, தஞ்சாவூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என ஐந்து திசைகளுக்கும் திருச்சி ஜங்ஷனிலிருந்து பாதை பிரிகிறது. நகருக்குள்ளேயே பொன்மலை, டவுன், பாலக்கரை, கோட்டை, ஸ்ரீரங்கம் என்று ஸ்டேஷன்கள். காந்தி மார்க்கெட் பக்கம் போக டவுன், சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் போக கோட்டை, 'பெல்' தொழிற்சாலைப் பக்கம் போக திருவெறும்பூர் என்று உள்ளூர்க்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள்தான் டவுனையும் கோட்டையையும் குழப்பிக்கொண்டு ஆட்டோ தேடுவார்கள்.

கார்டு லைனும் இரண்டு ஆறுகளும்

1920-களில் திருச்சி ரயில்வேக்கு இரண்டு பெரிய மாற்றங்கள். ஒன்று, நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தது. பணிமனையோடு ஒரு தொழிலாளர் ஊரே எழுந்தது. இன்னொன்று, விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் குறுக்கே போட்ட 'கார்டு லைன்'. கும்பகோணம், தஞ்சை சுற்றி வரும் மெயின் லைனைவிட இது தூரம் குறைவு. சென்னை ரயில் ஸ்ரீரங்கம் தீவுக்குள் நுழைந்தது இந்தப் பாதையால்தான்.

ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். டவுன் ஸ்டேஷனைத் தாண்டும்போது இடப்பக்கம் மலைக்கோட்டை. அடுத்து காவிரிப் பாலம். பிறகு தென்னைகளுக்கு மேலே ராஜகோபுரம். 236 அடி உயர இந்தக் கோபுரம் 1987-ல்தான் முழுமை பெற்றது. அதற்கு முன்பு இந்த வழியில் போனவர்கள் பார்த்தது 'மொட்டைக் கோபுரம்'. ஸ்ரீரங்கத்தைத் தாண்டியதும் கொள்ளிடப் பாலம். அக்கரையில் உத்தமர்கோவில், பிட்சாண்டார்கோவில், வாளாடி, லால்குடி. இரண்டு ஆறுகளைக் கடக்கும் இந்தப் பயணத்துக்குப் பாசஞ்சர் டிக்கெட்டே போதும்.

தமிழக வரலாற்றிலும் இந்தப் பாதைக்கு இடமுண்டு. 1953-ல் 'டால்மியாபுரம்' என்ற பெயரை மாற்றக் கோரி மு.கருணாநிதி தண்டவாளத்தில் படுத்துப் போராடிய ஸ்டேஷன், இன்றைய கல்லக்குடி பழங்காநத்தம். 1956 நவம்பர் 23-ம் தேதி, அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம் பாலத்தைச் சிதைக்க, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பொறுப்பேற்றுத்தான் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

பத்து ரூபாய் முப்பது ஆனபோது

தினசரிப் பயணிகளுக்கு இந்த ரயில் எவ்வளவு முக்கியம் என்பதை கொரோனா காட்டிக்கொடுத்தது. 2020 மார்ச்சில் நின்ற பாசஞ்சர்கள், திரும்பி வந்தபோது 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்று பெயர் மாறியிருந்தன. அதே பெட்டி, அதே வேகம், அதே ஸ்டேஷன்கள். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய்! சீசன் டிக்கெட்டும் பல மாதங்கள் கிடையாது. மாதம் 25 நாள் வேலைக்குப் போய் வருகிறவருக்கு 500 ரூபாயில் முடிந்த செலவு 1,500 ரூபாயானது. கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கும், காய்கறி, பூ எடுத்து வருகிறவர்களுக்கும் அந்த ஆயிரம் ரூபாய் சின்னத் தொகையல்ல. 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய கட்டணம் திரும்பியது.

பாதை இருக்கிறது, வண்டி?

திருச்சியைச் சுற்றி லோக்கல் ரயில்களை அதிகமாக விட வேண்டும் என்பது தினசரிப் பயணிகளின் நெடுநாள் கோரிக்கை. தடையாக இருப்பது என்ன? கார்டு லைனில் இரட்டைப் பாதையும் மின்சாரமும் வந்துவிட்டாலும், சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் இடையே ஓடும் எக்ஸ்பிரஸ்களும் சரக்கு ரயில்களும் அதில்தான் ஓடுகின்றன. எக்ஸ்பிரஸ் வந்தால் பாசஞ்சர் ஒதுங்கி நிற்க வேண்டும். கரூர் பாதையோ மின்மயமாகியும் இன்னும் ஒற்றைப் பாதைதான். எதிரே ரயில் வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் 'கிராஸிங்' போட்டுத்தான் ஆக வேண்டும். நேரத்துக்கு ஆபீஸ் போக வேண்டியவர் அரை மணி நேரம் தாமதமானால் மறுநாளே பஸ்ஸுக்கு மாறிவிடுவார். அவர் மாறினால், ரயிலில் கூட்டமில்லை என்று கணக்கு எழுதப்படும்.

இதற்கிடையே திருச்சிக்கு மெட்ரோ பற்றியும் பேசப்படுகிறது. அது வரும்போது வரட்டும். ஜீயபுரத்திலும் வாளாடியிலும் ஸ்டேஷன் ஏற்கெனவே இருக்கிறது. நிலம் எடுக்க வேண்டாம், தூண் நட வேண்டாம். அங்கே நிற்கிறவர்களுக்குத் தேவை, காலையில் வேலை நேரத்துக்குள் ஊர் சேர்க்கும் ஒரு வண்டியும், மாலையில் வேலை முடிந்ததும் வீடு திரும்ப ஒரு வண்டியும்தான்.