விண்ணப்பத்தில் இல்லாதது

ஃபஹாஹீலில் எங்கள் சாப்பாட்டுக்கடை மூட இரவு ஒரு மணியாகும். கோப்பைகள் கழுவி, நிலம் துடைத்து அறைக்கு வர இரண்டு மணி. யன்னலால் பார்த்தால் மினா அல்-அஹ்மதி சுத்திகரிப்பு ஆலையின் வெளிச்சம் தெரியும். கடந்த மார்கழியில் அந்த நேரத்தில்தான் நாங்கள் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதினோம்.

நாங்கள் நால்வர். எல்லோரும் 2009இல் வன்னியிலிருந்து மெனிக்பாம் முகாமுக்கு வந்து, பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போனவர்கள். ஒருவன் மட்டும் சமூகவியலில் சிறப்புப் பட்டம் முடித்தான். மற்ற மூவரும் வீட்டுக் கடனால் இடையில் விட்டுவிட்டு விமானம் ஏறினோம். அகதிகள் என்று எங்களை நாங்களே சொல்லிக்கொள்கிறோம். குவைத் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் சேராத நாடு. இங்கே எங்களுக்கு இருப்பது அக்காமா மட்டும்தான்.

அமெரிக்காவில் பல இடங்களில் முதுமாணி இல்லாமலே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று பரிந்துரைக் கடிதங்கள், ஒரு கட்டுரை, என்ன ஆராயப் போகிறாய் என்று இரண்டு பக்கம். எடுபட்டால் பெரும்பாலும் கட்டணம் இல்லை, மாதப்படியும் உண்டு. ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்த எங்களுக்கு இதை நம்பவே இரண்டு நாள் பிடித்தது.

எதை ஆராய்வது? எங்கள் அறையில் ஐந்தாவது கட்டில் குருநாகல் சமையல்காரருடையது. அவருடைய அண்ணன் இராணுவத்தில் இருந்தவர். ஆறு வருடமாக ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம். யுத்தத்தைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. "ஊரிலை ஏலாதது இஞ்சை எப்பிடி ஏலுது?" என்று கேட்டவன் படிப்பை முடிக்காதவன். அதுவே ஆய்வுக் கேள்வியானது.

ஸ்ரான்லி தம்பையா 1954இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, இலங்கை திரும்பிச் சமூகவியல் கற்பித்தவர். 1956இல் மாணவர்களோடு கல்லோயாவில் கள ஆய்வில் இருந்தபோது கலவரம் வெடித்தது. பின்பு தாய்லாந்து அவருடைய ஆய்வுக்களமானது. ஆனாலும் 1986இல் இலங்கை இனமோதல் பற்றி ஒரு நூல் எழுதினார். முப்பது வருடம் அந்தக் கேள்வி அவரை விடவில்லை என்று நாங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம்.

எழுதி முடித்த பக்கத்தில் 'நான் அவதானித்தேன்' என்று இருந்தது. "மச்சான், அவதானிச்சது நீ மட்டுமோ?" என்று சண்டை வந்தது. 'நாங்கள்' என்று மாற்றினான். படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்று பழைய விரிவுரையாளர் ஒருவர் சொல்ல, திரும்பவும் 'நான்' வந்தது. மனம் கொஞ்சம் நொந்துதான் அனுப்பினோம்.

மாசியில் பதில் வந்தது. எடுபடவில்லை.

அன்றிரவு சமையல்காரர், தன்னைப்பற்றி என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். அவரைக் கேளாமல் எழுதிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தெரிந்த சிங்களத்தில் வாசித்துக் காட்டினோம். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா திரும்பி வரவில்லை. அதை எழுதவில்லையா?" என்றார்.

எங்களுக்கு அது தெரியாது. ஆறு வருடத்தில் நாங்கள் கேட்டதுமில்லை.

வரும் மார்கழியில் திரும்பவும் அனுப்புவோம். இந்த முறை அவரோடும் இருந்து பேசி, முதல் வரியிலிருந்து எழுதவேண்டும்.