தண்ணீர் போகிற வழி

கூலாய் நகரைச் சுற்றிலும் ஒரு காலத்தில் தோட்டங்களே நிறைந்திருந்தன. முதலில் ரப்பர் மரங்கள் நின்றன; பின்னர் அவற்றின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. காலப்போக்கில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. 2008 முதல் 2015 வரை கூலாய்ஜெயா என்ற பெயரைத் தாங்கிய இம்மாவட்டம் மீண்டும் பழைய பெயரையே பெற்றது. பெயர் திரும்பியதே தவிர, நிலம் பழைய தோற்றத்திற்குத் திரும்பவில்லை. செம்பனை நின்ற இடங்களில் இன்று சன்னல் இல்லாத நெடிய கட்டடங்கள் எழுகின்றன. அவற்றினுள் மனிதர் சிலரே. கணிப்பொறிகளோ ஆயிரக்கணக்கில் உள்ளன. தரவு மையங்கள் என்று அவற்றிற்குப் பெயர்.

இம்மாற்றங்களையெல்லாம் தம் கண்ணாரக் கண்ட முதியவர் ஒருவர் கூலாயில் மலிவு விலை வீடொன்றில் வாழ்கிறார். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரியை இருபத்தெட்டு ஆண்டுகள் ஓட்டியவர் அவர். தோட்டம் கைமாறியபோது லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு, மனைவியோடும் கைக்குழந்தையான மகனோடும் நகருக்கு வந்து சேர்ந்தார். லாரி பழைய இரும்பாக விலைபோயிற்று. வேறு நிறுவனங்களில் சில ஆண்டுகள் வண்டி ஓட்டினார். பிறகு முழங்கால் வலி அவரை வீட்டில் உட்கார வைத்தது. தாம் கற்ற வித்தை அந்த லாரியோடு முடிந்துவிட்டது என்றே அவர் எண்ணியிருந்தார்.

மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றவன். இடைநிலைக் கல்வியை முடித்தபின் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் கற்றுச் சான்றிதழ் பெற்றான். தரவு மையம் ஒன்றில் பராமரிப்புப் பணிக்கு விண்ணப்பித்தபோது நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. கேள்விகள் பலவற்றிற்கும் தயங்காமல் விடை கூறினான். இறுதியில், “நீரால் குளிர்விக்கப்படும் கணிப்பொறியை எப்பொழுதாவது கையால் தொட்டதுண்டா?” என்று ஒருவர் வினவினார். இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. வேலை கிடைக்கவில்லை. அன்று வீடு திரும்பியவன், அத்தகைய கணிப்பொறி ஒன்றைத் தன் கையாலேயே கட்டிப் பார்ப்பது என்று உறுதிபூண்டான். அது 2024ஆம் ஆண்டின் பிற்பகுதி.

கணிப்பொறியையும் தண்ணீரையும் ஒன்றுசேர்ப்பது முதற்பார்வைக்குப் பேதைமையாகத் தோன்றும். மின்சாரமும் நீரும் பகை என்பது சிறுவரும் அறிந்தது. எனினும் இவ்வுறவு நேற்றுத் தோன்றியதன்று. 1960களில் ஐபிஎம் நிறுவனம் உருவாக்கிய 360 வரிசையின் 91ஆம் மாதிரி, நீரைக் கொண்டே தன் சூட்டைத் தணித்துக்கொண்டது. 1980இல் அந்நிறுவனம் அறிவித்த 3081 என்னும் பெருங்கணிப்பொறியிலும் அவ்வாறே. 1985இல் வெளிவந்த கிரே-2 ஒருபடி மேலே சென்றது. மின்சாரத்தைக் கடத்தாத ஒரு திரவத்தினுள் அதன் மின்சுற்றுகள் மூழ்கியே இருந்தன.

காரணம் எளியது. ஒரே பருமனுள்ள காற்றையும் நீரையும் ஒரு டிகிரி சூடேற்றுவதாயின், நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். செயலி என்னும் விரலளவுச் சில்லு கடுமையாக உழைக்கும்போது 200 வாட் வரை வெப்பத்தை உமிழ்வதுண்டு. அதனைக் காற்றால் மட்டும் அகற்ற வேண்டுமாயின் மின்விசிறி பேரிரைச்சலோடு சுழல வேண்டும். நீரோ ஓசையின்றி அதனைச் சுமந்து செல்லும். ஆனால் சுமந்ததை எங்கேனும் இறக்கிவைத்தாக வேண்டும். இறக்கிவைக்க இடமின்றேல், ஒரு லிட்டர் நீர் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 29 டிகிரி சூடேறிவிடும். ஆகவேதான் செயலியின் மேல் ஒரு செம்புத் தட்டும், நீரைத் தள்ள ஒரு சிறு பம்பும், சூட்டைக் காற்றிடம் ஒப்படைக்க ஒரு ரேடியேட்டரும், நீரைச் சேமிக்க ஒரு தொட்டியும், இவற்றை இணைக்கும் குழாய்களும் தேவைப்படுகின்றன.

இவற்றையெல்லாம் நூல்களிலும் படங்களிலும் மகன் பார்த்தறிந்தான். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தோடு தாயின் சீட்டுப் பணமும் சேர்ந்து 5,000 ரிங்கிட் ஆயிற்று. பொருள்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முன்கூடத்தின் தரையில் பழைய தமிழ் நாளேடுகளை விரித்து அவற்றின்மேல் வேலையைத் தொடங்கினான். தாய் அப்பக்கம் வரும்போதெல்லாம் சேலைத் தலைப்பை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். தம் சீட்டுப் பணம் அந்தத் தரையில் கிடப்பதை அவர் மறக்கவில்லை.

தந்தை நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியேட்டர் உறையிலிருந்து வெளிப்பட்டபோது அவருடைய கண்கள் விரிந்தன. கையில் வாங்கி, அதன் மெல்லிய தகடுகளை விரலால் வருடினார்.

“இது செம்பா, அலுமினியமா தம்பி?”

“ஏன்ப்பா?”

“இரண்டையும் ஒரே தண்ணியிலே விட்டா ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுடும்.”

செம்பும் அலுமினியமும் ஒரே நீரால் இணையும்போது அலுமினியம் அரிக்கப்படும் என்பதை மகன் படித்திருந்தான். தந்தை அதனைப் படித்தவரல்லர். அரித்துப்போன பாகங்களைக் கழற்றி மாற்றியவர். ஆயினும் இளமையின் அவசரம் வேறு. “செம்புதான். இது லாரி இல்லைப்பா, கம்ப்யூட்டர். உங்களுக்குப் புரியாது” என்று அவன் கூறிவிட்டான். முதியவர் ரேடியேட்டரை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்து சென்றார். அன்றிரவு உணவின்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் மாலை குழாய்கள் யாவும் இணைக்கப்பட்டன. கனிமங்கள் நீக்கப்பட்ட வடிநீர் தொட்டியில் ஊற்றப்பட்டது. இவ்விடத்தில் தொடக்கநிலையினர் மறக்கலாகாத விதி ஒன்றுண்டு. பம்புக்கு மட்டும் மின்சாரம் தந்து, ஏனைய உறுப்புகளுக்கு மின்சாரம் செல்லாதவாறு துண்டித்து, ஒரு முழு நாள் நீரை ஓடவிட்டு ஒழுகலைச் சோதிக்க வேண்டும். மின்சாரம் இல்லாத பலகையில் நீர் சிந்தினால் உலர்த்திக்கொள்ளலாம். மின்சாரம் பாயும்போது சிந்தினால் எல்லாம் பாழ். மகன் இவ்விதியை அறிந்திருந்தும், ஒரு மணி நேரம் கழிந்து ஒரு துளியும் தென்படாமற் போகவே, போதும் என்று முடிவு செய்தான். எனினும் தூக்கம் கண்களை அழுத்தியதால், மற்றவற்றைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் எனப் பம்பை ஓடவிட்டுப் படுத்துவிட்டான்.

நள்ளிரவுக்குமேல் தந்தை எழுந்தார். பம்பின் மெல்லிய முனகல் அவரைத் தூங்கவிடவில்லை. கைவிளக்கை எடுத்துக்கொண்டு முன்கூடத்திற்கு வந்தார். பெட்டியினுள் கை வைக்கவில்லை. அடியில் விரித்திருந்த நாளேட்டை மட்டும் பார்த்தார். எழுத்துகளின் நடுவே ஒரு வெள்ளிக் காசளவு ஈரம் பரவியிருந்தது. அவர் மகனை எழுப்பிக் காட்டினார்.

அந்த ஈரத்தைக் கண்டதும் மகனுக்கு வியர்த்துவிட்டது. காலையில் மின்சாரத்தைச் செலுத்தியிருந்தால் இரண்டாண்டு உழைப்பும் தாயின் சீட்டுப் பணமும் ஒரு நொடியில் போயிருக்கும். “எப்படிப்பா தெரிஞ்சுது?” என்று கேட்டான்.

“சூடு இறங்கி இரவு குளிரும்போது மூட்டு சுருங்கும். பகல்லே ஒழுகாத வண்டி ராத்திரியிலே ஒழுகும். காலையிலே வண்டியை எடுக்கிறதுக்கு முன்னே அடியிலேதான் முதல்லே பார்ப்போம்.”

பம்பை நிறுத்திவிட்டு இருவரும் மூட்டுகளைச் சோதித்தனர். ரேடியேட்டரின் வாயில் பொருத்திய மூட்டினுள் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டிருந்தது. மகன் அதனை இறுக்க முற்பட்டபோது தந்தை தடுத்தார். “வாசர் கோணலா இருந்தா எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். கழற்றி நேரா உட்கார வை, பிறகு கையாலே திருகினாலே போதும்” என்றார். அவ்வாறே செய்யப்பட்டது. புதிய நாளேடு விரிக்கப்பட்டது. அதன்பின் ஒரு பகலும் ஓர் இரவும் முழுமையாகக் கழிந்தன. ஏடு உலர்ந்தே இருந்தது.

இடையில் தொட்டியில் குமிழிகள் தோன்றிப் பம்பு கரகரத்தது. “ஏர் பிடிச்சிருக்கு” என்றார் தந்தை. பெட்டியை இருவரும் பிடித்து இப்புறமும் அப்புறமும் சாய்த்தனர். ரேடியேட்டரில் அடைபட்டிருந்த காற்று மேலேறித் தொட்டியில் வெளிப்பட்டது, கரகரப்பு நின்றது.

பின்னர் மின்சாரம் செலுத்தப்பட்டது. திரை ஒளிர்ந்தது. மகிழ்ச்சி சில நிமிடங்களே நீடித்தது. செயலிக்கு வேலை கொடுத்தவுடன் அதன் வெப்பநிலை 95 டிகிரியைத் தாண்டியது. உடனே அணைத்துவிட்டு, ரேடியேட்டரே குறையுடையது என மகன் முடிவுகட்டினான். ரேடியேட்டருக்குப் பனிக்கட்டி வைக்கலாமா என்றுகூட எண்ணினான். “ஐஸ் தண்ணி ஊற்றின கிளாஸ் வெளியே வியர்க்குமா இல்லையா? உள்ளே இருக்கிற குழாயும் அப்படித்தான் வியர்க்கும்” என்று தந்தை அதனை மறுத்தார். காற்றில் ஈரம் மிகுந்த ஜொகூரில் இது முற்றிலும் உண்மை.

முதியவர் மீண்டும் இயந்திரத்தை இயக்கச் செய்தார். செயலியின் தட்டுக்குள் செல்லும் குழாயை ஒரு கையாலும் வெளிவரும் குழாயை மறு கையாலும் பற்றினார். இரண்டும் குளிர்ந்தே இருந்தன, ரேடியேட்டரும் அவ்வாறே.

“ரேடியேட்டர் சூடா இருந்து இன்ஜின் கொதிச்சா ரேடியேட்டர்லே குறை. இன்ஜின் கொதிக்குது, ரேடியேட்டர் சில்லுன்னு இருக்குதுன்னா சூடு தண்ணிக்கே வந்து சேரலை. தண்ணி போகிற வழி நல்லா இருக்கு. சூடு வருகிற வழியைப் பாரு.”

மகன் செம்புத் தட்டைக் கழற்றினான். அதன் அடிப்புறத்தில், தொழிற்சாலையில் பாதுகாப்புக்காக ஒட்டியிருந்த மெல்லிய நெகிழித் தாள் உரிக்கப்படாமலே இருந்தது. செம்புக்கும் செயலிக்கும் நடுவே கண்ணுக்குப் புலப்படாத ஒரு தடை. அதனை உரித்து, பழைய பசையைத் துடைத்து, பட்டாணியளவு வெப்பப் பசையைப் புதிதாக இட்டுப் பொருத்தினான். மறுபடியும் இயக்கியபோது வெப்பநிலை 70 டிகிரியளவில் நின்றது. அறையின் வெப்பநிலை 30 டிகிரி. மின்விசிறியின் ஓசை அருகில் சென்றால்தான் கேட்டது. தாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஓடுதா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று மகன் தந்தையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் குடும்பங்களில் அவ்வழக்கம் குறைவு. மாறாக, லாரியைப் பற்றிக் கேட்கத் தொடங்கினான். மேட்டில் ஏறும்போது வண்டி கொதித்தால் என்ன செய்வார்கள், மூடியை ஏன் உடனே திறக்கலாகாது, ஓடையில் மொண்ட நீர் ரேடியேட்டரில் ஏன் உப்புப் படியவைக்கும் என்றெல்லாம் வினவினான். பல்லாண்டுகளாகப் பேசப்படாதிருந்த செய்திகள் வெளிவந்தன.

தண்ணீரைப் பற்றிய பேச்சு குனோங் பூலாய்க்கும் சென்றது. கூலாய்க்கு அருகிலுள்ள அம்மலையின் நீரைச் சிங்கப்பூர் பெறுவதற்கு 1927இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பின்னர் வந்த 1961ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 2011 ஆகஸ்டு 31இல் முடிவுற்றது. ஒரு நகரின் தாகத்தைத் தீர்த்த வட்டாரத்தில் இப்பொழுது இயந்திரங்களும் குளிர்ச்சி கேட்கின்றன. 2023 டிசம்பரில் ஒய்டிஎல் நிறுவனமும் என்விடியாவும் இணைந்து கூலாயில் செயற்கை நுண்ணறிவுக் கணிப்பொறிகளை நிறுவப்போவதாக அறிவித்தன. 2024 மார்ச்சில் என்விடியா அறிமுகம் செய்த கணிப்பொறிப் பேழையொன்று 120 கிலோவாட் அளவு மின்சாரம் கொள்வது. திரவத்தாலன்றி அதன் சூட்டைத் தணிக்க இயலாது. குழாய்க்குள் சுற்றும் நீர் குறைவதில்லையாயினும், அச்சூட்டை வெளியே விடும் குளிர்விப்புக் கோபுரங்கள் பல இடங்களில் நீரை ஆவியாக்கியே பணிபுரிகின்றன. ஆகவே அந்நீர் எங்கிருந்து வரும் என்னும் கேள்வி ஜொகூர் மக்களிடையே எழுந்துள்ளது. “வண்டிக்குத் தண்ணி ஊத்தும்போது, குடிக்கிற பானையிலே எவ்வளவு இருக்குன்னும் பார்க்கணும்” என்றார் தந்தை.

2025இல் மகனுக்கு வேறொரு நிறுவனத்தில் பயிற்சிப் பணி கிடைத்தது. அதே ஆண்டில் அவன் பயின்ற தமிழ்ப்பள்ளியின் ஆசிரியை, அக்கணிப்பொறியை மாணவர்களுக்குக் காட்டி விளக்குமாறு அழைத்தார். அவன் ஒப்புக்கொண்டான், ஆனால் ஓர் ஐயம் எழுந்தது. கற்றதெல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தன. தமிழில் எவ்வாறு சொல்வது? தந்தையையும் உடன் அழைத்துச் சென்றான்.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் இயந்திரத்தைச் சூழ்ந்து நின்றனர். மகன் சொல் தேடித் தயங்கிய இடங்களில் தந்தை எடுத்துக் கொடுத்தார். ஒழுகல், மூட்டு, வாசர், ஏர் பிடித்தல், கொதித்தல் ஆகிய சொற்கள் தோட்டத்துப் பட்டறையிலிருந்து வகுப்பறைக்கு வந்தன. ஆசிரியை அவற்றைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார்.

“தாத்தா, நீங்க கம்ப்யூட்டர் படிச்சீங்களா?” என்று ஒரு சிறுமி கேட்டாள்.

“இல்லைம்மா. லாரி ஓட்டினேன்” என்றார் முதியவர். பிறகு அவளை அருகே அழைத்து, குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அது இளஞ்சூடாக இருந்தது.