வரப்பிலிருந்து வந்த பாட்டு

தஞ்சாவூர் என்றதும் திருவையாறும் தம்புராவும் நம் நினைவுக்கு வருவது இயற்கை. அதில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் சேற்றில் நின்று நாற்று நடும் பெண்களில் ஒருத்தி முன்னே பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்களே, அந்தச் சங்கீதமும் இதே சீமையின் சொத்துத்தான். அதற்குச் சபையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அதையே மூலதனமாகக் கொண்டு தமிழ்நாடு முழுவதையும் பாட வைத்தார் ஓர் இளைஞர். அவர்தாம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

1930 ஏப்ரல் 13-ந் தேதி, செங்கப்படுத்தான்காடு கிராமத்தில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு சொற்பம். ஆனால் தகப்பனாரே பாட்டுக் கட்டக்கூடியவர். பிள்ளை மாடு மேய்த்தார், உப்பளத்தில் உழைத்தார், மாம்பழம் விற்றார், இட்லி விற்றார், பாடினார், நாடகமும் ஆடினார். பதினேழு தொழில் பார்த்தவர் என்று கணக்குச் சொல்வார்கள். புதுச்சேரியில் பாரதிதாசனிடம் இருந்து தமிழ் பழகினார். பிறகு சினிமா வந்தது. 1956-இல் ‘பாசவலை’, 1958-இல் ‘நாடோடி மன்னன்’, 1959-இல் ‘கல்யாணப் பரிசு’ என்று புகழ் மடமடவென்று ஏறிற்று. அதே 1959-ஆம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி அவர் காலமானார். வயது இருபத்தொன்பது.

அமெரிக்காவில் அலபாமா நாட்டுப்புறத்திலும் இப்படி ஒருவர் தோன்றினார். ஹாங்க் வில்லியம்ஸ் என்று பெயர். தெருவில் பாடிப் பிழைத்த ரூபஸ் பெய்ன் என்ற கறுப்பினக் கலைஞரிடம் சிறு வயதில் பாடம் கேட்டவர். தாமே எழுதித் தாமே பாடித் தேசமெங்கும் பெயர் பெற்றவர். 1953 ஜனவரி முதல் தேதி மறைந்தபோது அவருக்கும் இருபத்தொன்பதுதான்!

இவர்கள் பாட்டு இத்தனை வேகமாகப் பரவியது எப்படி? நம் மனத்தில் படுவது இதுதான். நடவுப் பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒருத்தி சொன்ன அடியை, ஒரே தடவை கேட்டதும், குனிந்த முதுகு நிமிராமல் மற்றவள் திருப்பிப் பாட வேண்டும். அடி நீண்டால் கை தடுமாறும்; சொல் கடினமானால் வாய் தடுமாறும். அந்தச் சோதனையில் தேறிய நடையைத்தான் கல்யாணசுந்தரம் சினிமாவுக்குக் கொண்டு போனார். தூங்குகிற தம்பியைத் தட்டி எழுப்பும் அவர் பாட்டைப் படித்தவரும் பாடினார், படிக்காதவரும் பாடினார்.

சென்ற வருஷம் நடவு சமயத்தில் நம் ஊர் வரப்பில் சற்று நேரம் நின்றோம். இயந்திரம் நட்டுக்கொண்டு போயிற்று. பாட்டு இல்லை. பெண்களின் முதுகு பிழைத்தது குறித்து நமக்குச் சந்தோஷமே. பாட்டு வேண்டும் என்பதற்காக அவர்களை மறுபடி சேற்றில் குனியச் சொல்வது கொடுமை. ஆனால் வயலில் வளர்ந்த பாட்டுக்கு இனி வேறு வீடு பார்த்துக் கொடுக்க வேண்டாமா?

1993-இல் அரசாங்கம் கல்யாணசுந்தரத்தின் பாடல்களை நாட்டுடைமை ஆக்கியது. நல்ல காரியம். அவற்றைப் பெற்றெடுத்த பாட்டுகளோ இன்னும் சில பாட்டிமார்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றன. நம் குழந்தைகளுக்குச் சம்பளம் கொடுத்துப் பாட்டு வாத்தியார் வைக்கிறோமே, வாரத்தில் ஒரு சாயங்காலம் அப்படிப்பட்ட ஒரு பாட்டியையும் அழைத்து, கூடத்தில் உட்கார வைத்துப் பாடச் சொல்லலாம். தட்சிணையும் வாத்தியாருக்குக் கொடுப்பதே கொடுக்கலாம்.