நான் கேட்டு வாங்கிய சீமெந்து

பத்திரிகையாளனாக நான் எழுதியவற்றுள் ஒரு சிறு கட்டுரை குறித்து நெடுங்காலம் பெருமை கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரின் வெள்ளவாய்க்கால் மாரி காலத்தில் பெருகிக் கரையோர வீடுகளுக்குள் புகுந்துவிடும். கரைகளில் தாழையும் நொச்சியும் கோரையும் மண்டிக் கிடந்தன. அப்பற்றைகளை அகற்றி, அடியையும் கரைகளையும் சீமெந்தால் கட்டவேண்டும் என்று எழுதினேன். சில ஆண்டுகளில் அது நிறைவேறியது. ஊரார் என் கையைப் பிடித்து நன்றி கூறினர்.

அந்தப் பெருமை 2019 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கலைந்தது. மகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில், காலை நடைக்காக மருமகன் என்னைப் பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். புல்வெளியின் நடுவே வளைந்து நெளிந்து ஓர் ஆறு ஓடிற்று. கற்களின் இடையே செடிகள் தழைத்திருந்தன. ஆழமற்ற நீரில் கொக்கொன்று காத்து நின்றது. மாநகரின் நடுவே இயற்கையை இப்படி விட்டுவைத்திருக்கிறார்களே என்று வியந்தேன்.

"இல்லை மாமா, இது முந்திச் சீமெந்துக் கால்வாய்" என்றார் மருமகன்.

காலாங் ஆற்றின் அப்பகுதி 2.7 கிலோமீற்றர் நீளமான நேர்க்கால்வாயாக இருந்தது. அதை உடைத்து, 62 ஹெக்டயர் பூங்காவினுள் ஏறத்தாழ 3.2 கிலோமீற்றர் நீளத்துக்கு வளைந்தோட விட்டார்கள். 2012 இல் பணி நிறைவுற்றது. வெப்பமண்டல மழையை வேர்கள் தாங்குமா என்ற ஐயம் இருந்ததால், 2009 இல் ஒரு சிறு பகுதியில் வெவ்வேறு முறைகளில் செடிகளை நட்டுச் சோதித்த பின்னரே ஆற்றில் கைவைத்தார்கள். உடைத்த சீமெந்துப் பாளங்களைக் கொண்டு பூங்காவிலேயே ஒரு குன்றும் அமைத்தார்கள். பின்னர் நீர்நாய்கள் தாமாகவே வந்து குடியேறின.

என்னை உறுத்தியது வேறொன்று. முன்பு கூடியது 24 மீற்றர் அகலத்தினுள் அடங்கியோடிய வெள்ளம், இப்போது சுமார் 100 மீற்றர் வரை பரவ இடமுண்டு. அதனால் ஆறு கொள்ளும் நீரின் அளவு ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது. மழையற்ற நாளில் பிள்ளைகள் ஓடியாடும் புல்வெளி, பெருமழையில் ஆற்றுக்கு உரியதாகிவிடும். அப்போது மக்களை வெளியேற்ற எச்சரிக்கை விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் உள்ளன. வெள்ளத்தை விரட்டாமல், அதற்கொரு இடத்தைப் பொதுக்காணியிலேயே ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

நானோ வெள்ளத்தை விரட்டச் சொல்லி எழுதியவன். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் மழைநீரே எங்கள் கிணறுகளின் நன்னீர். பற்றைகளிடையே தயங்கித் தயங்கிச் சென்றபோது மண்ணுள் இறங்கிய நீரை, நான் கேட்டு வாங்கிய சீமெந்து விரைவாகக் கடல்நீரேரியில் சேர்த்துவிடுகிறது.

ஊர் திரும்பியதும் வாய்க்கால் கரையில் வாழும் மூதாட்டி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "வெள்ளம் வாறேல்லைத் தம்பி. ஆனா கோடையிலை கிணத்துத் தண்ணி உவர்க்குது" என்றார். உவர்ப்புக்கு வாய்க்கால் மட்டும் காரணமென்று கூறமுடியாது. இயந்திரங்களால் அளவின்றி இறைப்பதும் நாம் அனைவரும் அறிந்ததே. ஆயினும் எனக்கும் அதில் ஒரு பங்குண்டு.

சிங்கப்பூரின் செல்வம் நம்மிடம் இல்லை. ஆனால் வாய்க்காலின் மேற்பகுதி இன்னும் மண் கரையாகவே இருக்கிறது. அதனருகே வெறுமையாகக் கிடக்கும் அரசகாணியும் உண்டு. அப்பகுதிக்கும் சீமெந்திடப் போவதாக அறிந்து, அக்காணியில் வெள்ளம் தங்கிச் செல்ல வழிசெய்யுங்கள், கரையில் தாழையும் நொச்சியும் மீண்டும் நடுங்கள் என்று கடிதம் எழுதியிருக்கிறேன்.

அன்று என் கையைப் பிடித்தவர்களில் இருவர் இப்போது என்னுடன் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. மேற்பகுதியில் அவர்களது பிள்ளைகளின் வீடுகள் உள்ளன. அவர்களது அச்சம் நியாயமானது. அன்று நான் எழுதியதும் அதே அச்சத்தைத்தான். அடுத்த மாரிக்கு முன், அளவுநாடாவுடன் அவர்கள் வீட்டுக்குச் சென்று, வெள்ளம் எதுவரை வரும், எங்கே அதைத் தங்கவைக்கலாம் என்று சேர்ந்து அளந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.