அசோக்நகரில் எங்களுக்கு எல்லாமே ஹோம் மேட்ச்

பெங்களூரு மாவட்டக் கால்பந்து லீக்கில் ஆடும் சிறிய கிளப்புகள் பலவற்றுக்கும் சொந்த மைதானம் கிடையாது. அசோக்நகரில் இருக்கும் பெங்களூரு கால்பந்து ஸ்டேடியம்தான் அவர்களுக்குப் பொதுக்களம். அட்டவணையில் யார் பெயர் முதலில் அச்சாகியிருக்கிறதோ அவர்கள் பேருக்கு உள்ளூர் அணி, அவ்வளவுதான். பக்கத்துப் பேட்டையான நீலசந்திராவின் ஆட்கள் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. ஆஸ்டின் டவுன் வழியாக நடந்து ரிச்மண்ட் ரோட்டைத் தாண்டினால் ஸ்டேடியம் வந்துவிடும். ஜெர்சி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்விடலாம். "அங்க யார்கூட ஆடினாலும் எங்களுக்கு ஹோம் மேட்ச்தான் சார்" என்றார் நான் பார்க்கப்போன கிளப்பின் பயிற்சியாளர்.

கிளப்பின் பெயரையும் தன் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "பேர் எதுக்கு? இந்தப் பக்கம் எந்த டீமை எடுத்தாலும் இதே கதைதான்." மேலே சூப்பர் டிவிஷன், அதற்குக் கீழே ஏ, பி, சி என்று இறங்கிக்கொண்டு போகும் ஏணியில் கீழ்ப்படி ஒன்றில் நிற்கும் அணி அது. ஆடுகிற பதினொரு பேரைப் பற்றி எழுதுவதற்கு மட்டும் நான் போகவில்லை. அந்தப் பதினொரு பேர் மைதானத்துக்குள் கால் வைப்பதற்கு முன்னால் யார் யார் கை வேலை செய்திருக்கிறது என்று பார்க்க விரும்பினேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை கிட் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். பையன்கள் எல்லோருக்கும் அவர் தாத்தா. பிளாஸ்டிக் தொட்டியில் ஜெர்சிகள் ஊறிக்கொண்டிருந்தன. கையால் கசக்கி, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, நிழலில் கொடிகட்டி உலர்த்துகிறார். நேர் வெயிலில் போட்டால் முதுகில் ஒட்டியிருக்கும் எண் வெடித்து உரிந்துவிடுமாம். எண் கிழிந்தால் புதுச் சட்டை வாங்கவேண்டும், அதற்கு யாரிடமாவது போய் நிற்கவேண்டும். ஆகவே இந்த நிழல் உலர்த்தல் ஒரு பொருளாதாரத் திட்டம். இரண்டு நிறத்தில் இரண்டு செட் வைத்திருக்கிறார். எதிரணி ஒரே நிறத்தில் வந்து நின்றால் மாற்றிக்கொள்ள வேண்டுமே. கோல்கீப்பருக்குத் தனி நிறம். பதினான்காம் எண் சட்டையின் அக்குள் கிழிந்திருந்தது. பேசிக்கொண்டே அதைத் தைத்தார்.

பிறகு பந்து. காற்றடிப்பதில் இவ்வளவு நுணுக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பம்பு ஊசியை உலர்ந்தபடியே குத்தக் கூடாது. நனைத்துத்தான் நுழைக்கவேண்டும், இல்லையென்றால் வால்வின் ரப்பர் கிழிந்து காற்று கசியத் தொடங்கும். விதிப்படி பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம், உள்ளழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம். தாத்தாவிடம் அழுத்தமானி இல்லை. இரண்டு கட்டைவிரலையும் பந்தில் வைத்து அமுக்கிப் பார்க்கிறார், தோள் உயரத்திலிருந்து விட்டுத் தரையில் எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்கிறார். "மண்ணுல ஆடுறதுக்கு கொஞ்சம் டைட்டா இருக்கலாம். டர்ஃபுல பந்து தானா ஓடும், அங்க ஒரு நூல் கம்மியா இருக்கணும். இல்லேன்னா பசங்க காலுக்கு நிக்காது." லீக் ஆட்டத்துக்கான பந்தை மாவட்டக் கால்பந்துச் சங்கம் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஆட்டத்துக்கு முந்தைய அரை மணி நேரப் பயிற்சியில் பையன்களின் கால் பழகுவது இவர் காற்றடித்த பந்தோடுதான். அந்த அரை மணி நேரத்துக்காக ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். இதற்கு அவருக்கு ஒரு பைசா கிடையாது.

மறுநாள் காலை பஜார் தெருவில், ஒரு கடையின் மூடிய ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்யும் செருப்புத் தைப்பவரிடம் பயிற்சியாளர் என்னைக் கூட்டிப்போனார். கால்பந்து பூட்டை இங்கே எல்லோரும் ஸ்டட்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். சாக்குத் துணியின் மேல் நாலைந்து ஜோடி ஸ்டட்ஸ் வரிசையாக இருந்தன. எந்தப் பையன் எந்தத் தரையில் ஆடுகிறான் என்பதை அவர் ஸ்டட்ஸைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுகிறார். மண்ணில் ஆடினால் அடியிலிருக்கும் குமிழ்கள் தேயும். செயற்கைப் புல்லில் ஆடினால் முன்பக்கம் வாயைத் திறந்துகொள்ளும். கால் சட்டென்று நின்றுவிடுவதால் அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவே இழுப்பு அதிகம்.

வேலையை முழுதாகப் பார்க்க உட்கார்ந்தேன். முதலில் பழைய பசையைக் கத்தி முனையால் சுரண்டி எடுக்கிறார். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு பக்கமும் பசை தடவி, உடனே ஒட்டாமல் காத்திருக்கிறார். விரல் வைத்தால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் சேர்த்து அமுக்குகிறார். கடையில் கொடுத்தால் இதோடு முடித்துவிடுவார்கள். இவர் நிறுத்துவதில்லை. அடிப்பாகத்தின் ஓரத்தில் கத்தியால் மெல்லிய பள்ளம் ஒன்று கீறுகிறார். நைலான் நூல் அந்தப் பள்ளத்துக்குள் புதைந்து படுத்துக்கொள்ளும், தரையில் உரசி அறுபடாது. குத்தூசி உள்ளே போய் நூலைக் கொக்கிபோட்டு இழுத்துக்கொண்டு வருகிறது. முடிச்சைக் காலின் வளைவு வரும் இடத்தில் போடுகிறார். விரல் பக்கம் முடிச்சு வந்தால் முதல் பாதியிலேயே கொப்புளம். "கொப்புளம் வந்தவன் பந்து கேக்க மாட்டான் சார், ஒளிஞ்சுக்குவான்" என்றார். அவர் கால்பந்து ஆடியதே இல்லையாம். ஆட்டம் பற்றி அன்று நான் கேட்டதிலேயே கூர்மையான வாக்கியம் அதுதான்.

இந்த நகரத்தில் ஸ்டட்ஸுக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா 2-1 என்று தோற்றது. சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேசக் கோல் அந்த ஆட்டத்தில் விழுந்தது. அடித்தவர் சாரங்கபாணி ராமன், நம் மைசூர் அணிக்காரர். அந்த அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். ராமனோடு அகமது கான், தன்ராஜ், வஜ்ரவேலு, கோல்கீப்பர் வரதராஜ் என்று இந்த ஊர்ப் பக்கத்து ஆட்கள் அணியில் இருந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றுவந்த பிறகுதான் பூட் கட்டாயம் என்றானது. அதற்கும் முன்னால், 1937-லும் 1938-லும் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைப் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி தொடர்ந்து இரண்டு முறை வென்றது. வெள்ளைக்கார ரெஜிமெண்டுகள் தங்கள் சொத்தாக நினைத்திருந்த கோப்பை அது.

1809-இல் வந்த கண்டோன்மெண்டின் வழியாக வந்தது இந்த ஆட்டம். பாளையத்துக்கு வேலை செய்ய வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சிப்பாய்கள் ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அல்சூர் பக்கத்துக் கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர் சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்திருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். நீலசந்திராவைத் தொட்டடுத்த ஆஸ்டின் டவுன் தெருக்களில் வளர்ந்தவர்தான் கார்ல்டன் சாப்மன். ஈஸ்ட் பெங்காலுக்காக 1993-இல் ஈராக்கின் அல் ஸவ்ரா அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர், இந்திய அணியின் தலைவராக இருந்தவர். 2020 அக்டோபரில், ஐம்பது வயது நிறைவதற்குள் போய்விட்டார். அவர் பெயரைச் சொன்னதும் பயிற்சியாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மாதிரி பாஸ் இப்ப யாரும் குடுக்கிறதில்ல" என்றார்.

பயிற்சியாளர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையை அவருக்கு வாங்கிக்கொடுத்தது அவருடைய இடது கால். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல். என்று ஒவ்வொரு தொழிற்சாலையும் அணி வைத்திருந்த காலம் அது. எச்.ஏ.எல். அணி 2010-க்குப் பிறகும்கூட ஐ-லீக் வரை போய் ஆடியது. "காலையில கையெழுத்துப் போடுவோம், மதியம் பிராக்டிஸுக்கு அனுப்பிடுவாங்க. சம்பளம் வரும், பி.எஃப். வரும். என் தங்கச்சி கல்யாணம் அந்த வேலையிலதான் நடந்துச்சு." இந்தப் பேட்டைகளின் கால்பந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பேரார்வம், வெறி என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆர்வம் உண்மைதான். ஆனால் அந்த ஆர்வத்தைத் தாங்கி நின்றது மாதச் சம்பளம். வேலைக்கு எடுப்பது நின்றதும் கீழே இருந்த தூண் போய்விட்டது. ஆட்டம் மட்டும் எப்படியோ நின்றுகொண்டிருக்கிறது, தாத்தா மாதிரி ஆட்களின் கையைப் பிடித்துக்கொண்டு.

ஆட்டம் வார நாள் மதியம். வெயில் ஏறிவிட்டால் செயற்கைப் புல் காலுக்கு அடியில் கனலும். புல்லிழைகளுக்கு நடுவே தூவிய கறுப்பு ரப்பர் குருணை காலுறைக்குள் புகுந்துகொள்ளும். 2013 செப்டம்பர் 22 அன்று புதிதாகப் பிறந்த பெங்களூரு எஃப்.சி. தன் முதல் ஐ-லீக் ஆட்டத்தை இதே மைதானத்தில்தான் ஆடியது. மோகன் பகானோடு 1-1. அந்த முதல் சீசனிலேயே பட்டத்தை வென்று, பிறகு கண்டீரவா ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது. நாங்கள் போன அன்று பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களும் பழைய ஆட்டக்காரர்களும்தான். தமிழும் உருதுவும் கன்னடமும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து பறந்துகொண்டிருந்தன.

ஆட்டத்துக்கு முன் தாத்தா ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வரிசையாக வந்தார். சங்கிலி, மோதிரம், காப்பு, கையில் கட்டிய சாமிக் கயிறு எல்லாம் டப்பாவுக்குள் போகவேண்டும். விதியில் ஆபரணத்துக்கு இடமில்லை, மேலே டேப் சுற்றி மறைத்தாலும் செல்லாது. ஒரு பையன் கோயில் கயிற்றைக் கழற்றத் தயங்கினான். "நான் வச்சிருக்கேன்டா, கீழ வைக்க மாட்டேன்" என்று வாங்கித் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

முதல் இருபது நிமிடம் எங்கள் பக்கம் அழகாக ஆடினார்கள். எங்கள் பக்கம் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். வலது பேக் ஆடிய பையனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். உயரத்தில் வரும் பந்தைக் காலால் வாங்கும்போது பாதத்தை ஒரு கணம் பின்னால் இழுத்துக்கொள்கிறான். பந்து செத்து விழுகிறது. பயிற்சி நடக்கும் மண் மைதானத்தில் விடியற்காலை ஆறு மணிக்குப் பயிற்சியாளர் அவனை நிற்கவைத்து, கையால் பந்தை எறிந்து எறிந்து இதைத்தான் செய்யவைத்துக்கொண்டிருந்தார். "தட்டாதே, வாங்கு. வாங்கு" என்ற ஒரே சொல். இங்கே அது ஆட்டத்துக்குள் பலித்தது. அவன் வாங்கி உடனே உள்ளே திருப்பிய பந்தில்தான் கார்னர் கிடைத்தது. அந்தக் கார்னரில் நடு பேக் தலையால் முட்டிக் கோல் போட்டான். பயிற்சியாளர் கை தட்டவில்லை. "இறங்கு, இறங்கு, பொசிஷன்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியில் கால்கள் கனத்துவிட்டன. மாற்று வீரர்கள் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு எதிரணி மூன்று புது ஆட்களை இறக்கியது, எங்களால் ஒருவரைத்தான் இறக்க முடிந்தது. மற்ற இருவரில் ஒருவனுக்குக் கணுக்கால் வீக்கம், இன்னொருவன் இரண்டாம் கீப்பர். எழுபத்தைந்தாவது நிமிடம் வாக்கில் பெனால்ட்டி போய், 1-1. கடைசி விசில் வரை வேறு கோல் இல்லை.

சீசன் முழுக்க இப்படித்தான் போயிருக்கிறது. தொடக்கத்தில் இரண்டு வெற்றி, பிறகு இரண்டு தோல்வி, இப்போது டிரா. தோற்ற இரண்டு ஆட்டங்களிலும் முன்னால் ஆடும் முக்கியமான பையன் வரவில்லை. அவன் உணவு டெலிவரி செய்கிறான். மதிய நேர ஆர்டர்களை விட்டால் அன்றைய ஊக்கத்தொகை போய்விடும். கீப்பர் இரவுக் காவல் வேலையிலிருந்து நேராக மைதானத்துக்கு வருகிறான். ஒரு லீக் ஆட்டம் ஆடுவதென்றால் இவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது என்று அர்த்தம். கீழ் டிவிஷன் ஆட்டங்களை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முடிந்தவரை நகர்த்தவேண்டும், வார நாளில் ஆடித்தான் ஆகவேண்டும் என்றால் பயணப்படியாவது கொடுக்கவேண்டும். கிட் பார்க்கும் பெரியவருக்கும் காலையில் பயிற்சி கொடுப்பவருக்கும் ஒரு சிறு ஊதியம் வேண்டும். இதை உதவி என்று நினைக்கவேண்டாம், கூலி. 2023 மார்ச் 4 அன்று ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று 54 ஆண்டுகளுக்குப் பிறகு கர்நாடகம் சந்தோஷ் கோப்பையைக் கொண்டுவந்தபோது ஊரே கொண்டாடியது. அந்தக் கோப்பைக்கு ஆள் தருவது இந்த லீக்குகள்தான். லீக்கைத் தாங்குகிறவர்களின் வீட்டில் ஜெர்சி துவைக்கும் சோப்புக்கட்டிகூட அவர்கள் காசில்தான் வாங்கப்படுகிறது.

ஸ்டேடியத்துக்கு வெளியே டீக்கடையில் நின்றபடியே அடுத்த ஆட்டத்தின் கணக்கு தொடங்கிவிட்டது. தாத்தா டப்பாவைத் திறந்து சங்கிலிகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் ஃபோனில் டெலிவரிப் பையனைப் பிடித்தார்.

"வியாழக்கிழமை வர்றியா இல்லியா, கரெக்டா சொல்லு."

"எத்தனை மணிக்கு அண்ணா?"

"ஒண்ணரைக்கு."

"ரெண்டாவது ஹாஃப் வந்தா பரவாயில்லையா?"

"வா. பேரை லிஸ்டுல போட்டுடறேன். ஸ்டட்ஸ் கிழிஞ்சு கிடக்கு உனக்கு, புதன்கிழமைக்குள்ள பஜார் தெருவுல குடுத்துத் தைச்சு வச்சுக்கோ."