ஜப்தி நீங்கும் வரை

ஜூன் 3, செவ்வாய்
அசல், வட்டி, கோர்ட் செலவு மொத்தத்தையும் கடன் கொடுத்தவருக்கு இன்று பேங்க் மூலம் அனுப்பியாயிற்று. போர் போட அப்பா புரோநோட் எழுதி வாங்கிய கடன். தண்ணீர் வரவில்லை, தவணை நின்றது. கோர்ட்டில் டிகிரி ஆகி, அதை நிறைவேற்றக் கேட்கும் மனுவான இ.பி. போட்டு, வீட்டையும் ஜப்தி செய்துவிட்டார்கள். அக்கா நகையை விற்றுத்தான் கட்டினோம்.

ஜூன் 5, வியாழன்
"பணம் கொடுத்தது உங்களுக்கும் அவருக்கும் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியாதே," என்றார் வக்கீல். சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 21, ரூல் 2. கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தை டிகிரிதாரர், அதாவது கடன் கொடுத்தவர், கோர்ட்டில் ஒப்புக்கொண்டு பதிய வேண்டும். பதியாத பணத்தை இ.பி. கோர்ட் கணக்கிலேயே எடுக்காது. டிகிரிக்கு 12 வருஷம் உயிர் உண்டு. அதற்குள் அவர் பிள்ளைகள் மறுபடி இ.பி. போட்டால் ரசீதைக் காட்டித் தப்ப முடியாது. அவர் பதியாவிட்டால் நாமே மனுப் போடலாம், ஆனால் பணம் கொடுத்த 30 நாளுக்குள்.

ஊரில் எத்தனை பேர் நாலு பேர் முன்னால் ரொக்கத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கடன் தீர்ந்தது என்று இருக்கிறார்கள்! நினைத்தாலே வயிறு கலங்குகிறது. இதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்
கடன் கொடுத்தவரிடம் கையெழுத்துக்குப் போனேன். "பணம்தான் வந்திருச்சே தம்பி, அடுத்த வாரம் பாக்கலாம்" என்கிறார். வக்கீலிடம் நம் மனுவையும் தயார் செய்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 18, புதன்
வந்துவிட்டார். முன்சீஃப் கோர்ட்டில் டவாலி பெயர் கூப்பிட்டதும் அப்பா சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு எழுந்தார். முழுப் பணமும் வந்துவிட்டதா என்று நீதிபதி கேட்டார். "வந்திருச்சுங்கய்யா." ஃபுல் சாட்டிஸ்ஃபேக்ஷன் மெமோ பதிவானது. இ.பி. முடிந்தது, ஜப்தியும் நீக்கம். உத்தரவு நகலுக்கு மனுப் போட்டோம்.

ஜூலை 9, புதன்
உத்தரவு சார்பதிவாளர் அலுவலகம் போய்ச் சேர்ந்து, இன்று வில்லங்கம் எடுத்தேன். ஜப்தி வரி அப்படியே நிற்கிறது. கீழே ஜப்தி நீக்கம் தனி வரியாக ஏறியிருக்கிறது. அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. "மேல இருக்கறத எடுக்க மாட்டாங்களா?" "எடுக்க மாட்டாங்கப்பா. படிக்கிறவங்க ரெண்டையும் சேர்த்துத்தான் படிப்பாங்க."

உத்தரவு நகல் இன்னொன்றுக்கும் மனுப் போட்டிருக்கிறேன். ஒன்று பேங்க் கேட்டால் கொடுக்க, ஒன்று வீட்டுப் பத்திரத்தோடு.