புதுப்பித்தற் கேள்வியும் பங்கு முதலீட்டாளரும்: ஒரு நோக்கு

அரிசிக்குள்ள கேள்வியும் கணனிச் சில்லுக்குள்ள கேள்வியும் ஒரே தன்மையனவல்ல. அரிசி தீர்ந்தால் மறுநாளே வாங்கியாக வேண்டும். திரையில் தோன்றும் காட்சிகளைக் கணித்து வரையும் வரைகலைச் சில்லோ பழையதான பின்னரும் இயங்கிக்கொண்டேயிருக்கும். அதனை மாற்றுவோருட் பலர், அது பழுதுற்றதனால் அன்றிப் புதியதன் மீதுற்ற ஆசையினாலேயே மாற்றுகின்றனர். ஆசை ஒத்திவைக்கப்படக் கூடியது. இத்தகைய சில்லுகளைச் செய்யும் கம்பனியின் பங்கை வாங்குபவர் அந்த ஆசையின் மீதே தமது சேமிப்பை வைக்கிறார். அமெரிக்காவின் என்விடியாக் கம்பனியின் அண்மைக்கால வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது.

1993 இல் ஜென்சன் ஹுவாங் உள்ளிட்ட மூவரால் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட இக்கம்பனி, 1999 இல் பங்குச் சந்தைக்கு வந்தது. கணனி விளையாட்டில் ஈடுபடுவோரே நெடுங்காலம் அதன் முதன்மையான வாடிக்கையாளர். பஸ்கால், டூரிங், அம்பியர் என அறிவியலாளரின் பெயர்களைத் தாங்கிச் சில்லுகளின் புதிய தலைமுறைகள் வெளிவரும். விளையாட்டுப் பொருளுக்கு இத்துணைக் கனதியான பெயர்கள் எதற்கு என ஒருவர் வினவலாம், அது நிற்க.

2016 இல் வந்த பஸ்கால் தலைமுறை பெருமளவில் விற்பனையாயிற்று. ஆனால் 2017 இல் அச்சில்லுகளை வாங்கியோர் விளையாட்டாளர் மட்டுமல்லர். எதேரியம் முதலான மறைகுறி நாணயங்களை ‘அகழ்வதற்கும்’ அதே சில்லு பயன்பட்டது. கடைக்காரர் பணத்தை எண்ணுவாரேயன்றி வாங்குபவரின் நோக்கத்தை வினவமாட்டார். ஆகவே அகழ்வோர் கொடுத்த பணத்திற் பெரும்பகுதி கம்பனியின் கணக்கில் ‘விளையாட்டு’ என்ற தலைப்பின் கீழேயே சேர்ந்தது. முதலீட்டாளர் அதனைப் புதுப்பித்தற் கேள்வியின் வளர்ச்சி எனக் கொண்டனர்.

2018 இல் நாணயங்களின் விலை சரிந்தது. அகழ்வோர் விலகினர், சரக்கு தேங்கியது. அவ்வாண்டு நவம்பரில் பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வீழ்ந்தது. 2019 ஜனவரியில் கம்பனி தன் காலாண்டு வருமான மதிப்பீட்டை 2.7 பில்லியன் டொலரிலிருந்து 2.2 பில்லியனாகக் குறைத்தது. இதே வேளையில், 2018 செப்ரெம்பரில் வந்த டூரிங் தலைமுறையின் உயர்தர அட்டைக்குக் கம்பனி குறித்த விலை 1,199 டொலர். 2017 இல் அதற்கு நிகரானதன் விலை 699 டொலரே. பஸ்கால் வைத்திருந்தோர் பலர் இருப்பதே போதுமென்றிருந்து விட்டனர். 2020 செப்ரெம்பரில் அடுத்த தலைமுறையை அறிமுகஞ்செய்தபோது, பஸ்கால் வைத்திருக்கும் நண்பர்கள் இனித் துணிந்து மாறலாம் என ஹுவாங் கூற நேர்ந்தது. ஒத்திவைத்த ஆசைக்கு இதனினும் வெளிப்படையான ஒப்புதல் வேண்டுவதில்லை.

2022 மே மாதத்தில் அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு இவ்விடயத்தில் 5.5 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. விளையாட்டு வருமானத்தின் வளர்ச்சியில் நாணய அகழ்வுக்குக் கணிசமான பங்குண்டு என்பதைக் கம்பனி பங்குதாரருக்குப் போதியளவு வெளிப்படுத்தவில்லை என்பதே குற்றச்சாட்டு. கம்பனி அதனை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. வருமானம் பொய்யன்று, வளர்ச்சியும் பொய்யன்று. வாங்கியவர் யார் என்பதே சொல்லப்படாதிருந்தது. சிறுமுதலீட்டாளருக்கோ அதுவே முழுச் செய்தியும். தண்டம் மிகச் சிறிது என்றே கூற வேண்டும்.

2022 செப்ரெம்பரில் எதேரியம் அகழ்வையே கைவிட்டது. அதற்கு முன்னரே, அவ்வாண்டு ஜூலையில் முடிந்த காலாண்டில், கம்பனியின் விளையாட்டு வருமானம் முந்திய ஆண்டிலும் பார்க்க 33 சதவீதம் குறைந்திருந்தது.

2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் கம்பனியின் மொத்த வருமானம் 130.5 பில்லியன் டொலர். விளையாட்டின் பங்கு 11.4 பில்லியன் மாத்திரமே. 2025 ஒக்ரோபரில் விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு முடிவுற்றமையாற் பழைய கணனிகள் மாற்றப்படும் என்ற எதிர்பார்ப்பும் இப்பங்கின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பதன்று. அலுவலகக் கணனிகளிற் பெரும்பாலானவற்றில் வரைகலைப் பகுதி மையச் செயலியுடனேயே இணைந்துள்ளது. இன்று பெரும்பங்கு வருமானத்தைத் தருவன செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள். அவற்றைக் கட்டும் பெருங் கம்பனிகளோ மிகச் சில. குறைந்த செலவில் உருவானதாகக் கூறப்பட்ட சீனாவின் டீப்சீக் பற்றிய செய்தி பரவிய 2025 ஜனவரி 27 அன்று, என்விடியாவின் சந்தைப் பெறுமதி ஏறத்தாழ 589 பில்லியன் டொலரால் வீழ்ந்தது. அக்கம்பனிகளும் தமது அடுத்த கொள்வனவை ஒத்திவைத்துவிடுமோ என்ற ஐயமே அன்று சந்தையை ஆட்டியது.